வழக்கறிஞர்கள் விலகிச் செல்வது குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சட்ட நிறுவனங்களுக்கு வழக்கறிஞர்களைத் தேடித் தருவது எங்கள் தொழில். ஒருவர் ஓரிடத்தை விட்டு வேறிடம் போனால்தான் எங்களுக்குக் கட்டணம் வரும் என்பதால், இருப்பவர்களைத் தக்கவைத்துக்கொள்வது பற்றி நாங்களே எழுதுவது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் ஒரே நாற்காலிக்கு மூன்று ஆண்டுகளில் மூன்றாவது முறையாக ஆள் கேட்கப்படும்போது, அடுத்து வருபவரிடம் அந்த அலுவலகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல எங்களுக்கே நா எழுவதில்லை.

விலகல் கடிதங்களில் சம்பளம் என்றோ சொந்தக் காரணம் என்றோதான் எழுதியிருக்கும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். யாரையும் புண்படுத்தாமல், மேற்கொண்டு கேள்விக்கும் இடம் தராமல் வெளியேற வசதியான காரணம் அது. எங்களிடம் வந்து பேசுபவர்கள் முதலில் சொல்வது பெரும்பாலும் வேறாக இருக்கிறது. ஏழு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தில் இருந்த ஒருவர், தாம் இரவெல்லாம் விழித்துத் தயாரித்த எழுத்து வாதுரையைக் கையில் வைத்துக்கொண்டு சீனியர், கட்சிக்காரரிடம் பேசியபோது, அதே மேசையின் கோடியில் அறிமுகம்கூடச் செய்யப்படாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். கட்சிக்காரருக்குப் போன பில்லில் மட்டும் அவர் பெயர் மணிக்கணக்கோடு இருந்ததாம். புதிய இடத்தில் சம்பளம் எவ்வளவு என்பதை அவர் கடைசியில்தான் கேட்டார்.

மணிக்கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நேரத்தை 6 நிமிடத் துண்டுகளாகக் குறித்துக் கட்சிக்காரருக்குப் பில் போடும் அலுவலகங்களில், ஆண்டுக்கு 1,800 மணி நேரம் இலக்கு என்றால், 225 வேலை நாள்களுக்கு அது நாளொன்றுக்கு 8 மணி நேரமாகிறது. புதிய தீர்ப்புகளைப் படிப்பதும், அலுவலகக் கூட்டமும், ஜூனியரின் வரைவைத் திருத்தி ஏன் திருத்தினோம் என்று விளக்குவதும் இந்த எட்டில் சேராது. ஆகவே எட்டு மணி நேரத்துக்குப் பில் போட, பத்து மணி நேரத்துக்கு மேல் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். வேலைப்பளுவை விடவும் எங்களுக்குப் பெரிதாகப் படுவது இதன் மறைமுக விளைவு. கற்றுக்கொடுக்கும் சீனியர் தம் கணக்கில் நஷ்டப்படுகிறார். எனவே சிவப்பு மையில் அடித்த வரைவு ஒரு சொல் விளக்கமும் இன்றி ஜூனியரின் மேசைக்குத் திரும்புகிறது. தேர்ச்சி பெறத்தான் வந்தோம் என்று நினைத்தவர், இங்கே தேர்ச்சிக்கு வழியில்லை என்று முடிவு கட்டுவது அப்போதுதான். கற்றுக்கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது இலக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே நாங்கள் முதலாவதாகக் கேட்டுக்கொள்வது.

சற்று மூத்தவர்களின் மனக்குறை வேறு. பங்குதாரர் ஆக்கும் பேச்சு எழும்போதெல்லாம் "இன்னும் ஓராண்டு பார்ப்போம்" என்ற பதிலே வரும். வேலை முழுவதையும் அவர் செய்தாலும், பத்து ஆண்டுகளுக்கு முன் கட்சிக்காரரை அழைத்து வந்தவர் கணக்கிலேயே வருமானம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். வாய்ப்பு இல்லை என்றால் இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவது மேல். பங்குதாரர் பதவி இல்லாமலே மதிப்போடு நீடிக்க ஒரு நிலையை ஏற்படுத்தித் தந்தால் பலர் தங்கியும் விடுவார்கள்.

ஒப்பந்தம் போட்டுக் கட்டி வைக்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். தம் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்சிக்காரருடையது என்பதால், இந்தத் தொழிலில் அத்தகைய கட்டுப்பாடு எளிதில் நிற்பதில்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1983-இல் ஏற்ற முன்மாதிரி நடத்தை விதிகளில் 5.6-ஆம் விதி, விலகிய பின் வழக்கறிஞர் தொழில் செய்வதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை, ஓய்வுக்காலப் பலன்கள் தொடர்பானதைத் தவிர, தடுக்கிறது. விலகுபவரை நம்பியிருக்கும் கட்சிக்காரரும் அவர் பின்னாலேயே போகக்கூடும். வழக்குக் கட்டும் கூடவே போகும்.

கடிதம் மேசைக்கு வந்த பிறகு சம்பளத்தை உயர்த்துவதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அவர் மனத்தளவில் வெளியேறிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். அதோடு, கடிதம் கொடுத்தால்தான் இங்கே சம்பளம் உயரும் என்ற பாடத்தை மற்றவர்களும் படித்துக்கொள்வார்கள். விலகுபவரிடம் கடைசி நாளில் கேட்கும் கேள்விகளை, இருப்பவரிடம் ஆண்டுக்கு இருமுறை, அவர் யாரிடம் வேலை பார்க்கிறாரோ அவரல்லாத ஒரு பங்குதாரர் கேட்பது நல்லது. கேட்டதில் ஒன்றையாவது மாற்ற முடியாதென்றால் கேட்காமலிருப்பதே மேல்.

இனி எங்கள் நடைமுறையிலும் ஒரு மாற்றம். புதிய ஆள் கேட்டு நீங்கள் அழைக்கும்போது, அதே இடத்திலிருந்து கடைசியாக விலகிய இருவரைப் பற்றி முதலில் ஒரு மணி நேரம் உங்களுடன் பேசுவோம். அதற்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேச்சின் முடிவில் ஆள் தேவைப்படவில்லை என்று நீங்கள் சொன்னால், கோப்பை மூடிவிட்டுத் திரும்பிவிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாகப் பங்குதாரர்