கோபுர விளக்கு கண்ணைக் குத்தும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்குவாரிகளிலும் சுரங்கங்களிலும் இரவு விபத்துகளைத் தடுக்க உயர்கோபுர விளக்குகள் வேண்டும் என்று வாசகர் ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால், ஜார்க்கண்டில் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் மின் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, அதைப் படித்ததும் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது.

எங்கள் சுரங்கத்திலும் அப்படி ஒரு கோபுரம் இருந்தது. டம்பர்கள் எனும் ராட்சதச் சுமை லாரிகள் ஏறி இறங்கும் சரிவுச் சாலையின் உச்சியில் எட்டு சோடியம் விளக்குகள். அலுவலகத்திலிருந்து பார்த்தால் தேர்த்திருவிழா போலிருக்கும். சுமையோடு மேலேறி வரும் ஓட்டுநருக்கோ எட்டும் நேரே கண்ணில் குத்தும். கோபுரத்தைத் தாண்டியதும் எதிரே ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் வண்டி நூறு அடி போயிருக்கும். ஒரு மழைக்கால இரவில் என் அறைத்தோழர் அப்படித்தான் சாலையோர மண்மேட்டின் மீது முன்சக்கரத்தை ஏற்றிவிட்டார். நல்லவேளை, மேடு தாங்கியது. அதற்கு அந்தப் பக்கம் 12 மீட்டர் பள்ளம்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, அவர் வண்டியில் ஒரு ஷிப்டு முழுவதும் உட்கார்ந்து போனேன். ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 4 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அவர் இடப்பக்கம் உட்காருவதால், வலப்பக்கம் ஒட்டி நிற்கும் ஜீப்பே கண்ணில் படாது. கீழே நின்று நாங்கள் விளக்குகளைத் திருப்பி வைத்த லட்சணம் அன்றைக்குத்தான் விளங்கியது.

டம்பர் சாலைக்குச் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் கேட்பது 0.5 முதல் 3 லக்ஸ் வரைதான் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). முழுநிலவு தருவது ஏறக்குறைய கால் லக்ஸ் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அப்படியொன்றும் பெரிய வெளிச்சமில்லை. வெளிச்சம் கம்பத்தடியில் கொட்டிக் கிடந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருண்டு போவதுதான் ஆபத்து. போதாக்குறைக்குக் கரி படிந்த சாலை, விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அதே விளக்கு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எவ்வளவோ மேலாகத் தெரியும். மண்மேட்டின் மேல் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்ததில் எங்களுக்குக் கிடைத்த பலன், இரண்டு புது விளக்குகளில் கிடைக்கவில்லை.

இன்னொன்று. கரி அள்ளும் பெரிய மின் இயந்திரமான ஷவலின் மோட்டார் மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சரியும். சோடியம் விளக்குகள் பொசுக்கென்று அணைந்து, சூடு ஆறிய பிறகே மறுபடி பற்றும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், டம்பர்கள் அதுவரை காத்திருக்குமா? எல்.இ.டி. வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் கோணம் பிசகினால் அது சோடியத்தைவிட மோசமாகக் கூசும். சாலை இடம் மாறும்போதெல்லாம் கம்பங்களை, மண் தள்ளும் டோசர் இயந்திரத்தால் இழுத்துப் போவார்கள். இழுத்துப் போட்டபின் விளக்கின் முகத்தைச் சரிசெய்ய யாரும் வருவதில்லை.

அந்தக் கோபுரத்திலிருந்து நான்கு விளக்குகளைக் கழற்றி, சரிவு நெடுகிலும் தனித்தனிக் கம்பங்களில், மூடி போட்டுத் தரை பார்க்க மாட்டினோம். மொத்த வாட் கூடவில்லை. "இப்போதுதான் மேடு எங்கே முடிகிறது என்று தெரிகிறது" என்றார் அறைத்தோழர்.

புது விளக்கு மாட்டிய அன்றே, துடைத்த கண்ணாடியோடு லக்ஸ் மீட்டரைக் கம்பத்தடியில் பிடித்து அறிக்கை எழுதும் வழக்கத்தை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு மாதத் தூசி படிந்தபின், நள்ளிரவில், இரு கம்பங்களுக்கு நடுவிலும் சாலை ஓரத்திலும் அளக்கட்டும். அந்த அறிக்கையில் அன்றைய ஷிப்டு டம்பர் ஓட்டுநர் ஒருவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற மின் ஃபோர்மேன்,
விருத்தாசலம்.