சிறு செயற்கைக்கோள் விளையாட்டுப் பொருள் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் செய்யும் சிறு செயற்கைக்கோள்கள் விளம்பரத்துக்கன்றி வேறெதற்கும் உதவா என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். கோவை கணபதியில் 30 ஆண்டுகளாக லேத் பட்டறை நடத்தும் எனக்கு வானியல் வெறும் மாலைநேர வாசிப்புதான் என்றாலும், அக்கருத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. பிரகாசமான வெப்ப விண்மீன்களை ஆராயச் சிறு செயற்கைக்கோளே ஏற்றது.

சித்திரை மாத இரவில் நீலவெண்மையாக ஒளிரும் சித்திரை விண்மீனின் மேற்பரப்பு வெப்பம் 20,000 டிகிரிக்கும் மேல். சூரியனுக்கோ ஏறத்தாழ 5,500 டிகிரிதான். இத்தகைய வெப்ப விண்மீன்கள் தம் ஒளியின் பெரும்பகுதியைப் புற ஊதாக் கதிராகவே உமிழ்கின்றன. அக்கதிரை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால், காவலூர் வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அது எட்டாது.

2015-ல் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டில் புற ஊதாத் தொலைநோக்கி இருக்கிறதே எனலாம். மிகப் பிரகாசமான விண்மீனை நோக்கினால் அதன் உணர்கருவி பழுதாகிவிடக்கூடும் என்பதால், அவற்றை ஒதுக்கியே அதனை இயக்க வேண்டியிருக்கிறது. மேலும், ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறையும் துடிப்பை அறிய வாரக்கணக்கில் அதையே பார்த்திருக்க வேண்டும். பலரும் முறை வைத்துப் பயன்படுத்தும் பெரிய கருவிக்கு அது எப்படி வாய்க்கும்? சிறு செயற்கைக்கோளுக்கோ அது வாய்க்கும். 2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-20 சுமந்து சென்ற பிரைட் என்ற இரு விண்மீன் ஆய்வுச் செயற்கைக்கோள்கள் 20 சென்டிமீட்டர் கனசதுரங்கள்; எடை ஏறத்தாழ 7 கிலோ, நம் தோட்டத்து ஒரு ஹெச்.பி. மோட்டாரின் எடைகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மட்டுமே பார்த்தவை எனினும், பிரகாசமான விண்மீன்களை மாதக்கணக்கில் அவை அளந்தன. 2021-ல் அமெரிக்கா ஏவிய கியூட் என்ற சிறு செயற்கைக்கோள் புற ஊதாவிலேயே ஆய்வு செய்தது.

உண்மையான சிக்கல் புற ஊதாத் தொலைநோக்கியில் ஒளியை எதிரொளிக்கும் அலுமினியம் பூசிய கண்ணாடியில்தான் இருக்கிறது. லேத்தில் சீவிய அலுமினியத்தின் முகம் எவ்வளவு பளபளத்தாலும், காற்றுப் பட்ட கணமே அதன்மேல் ஆக்சைடு படிந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய படலம் குறுகிய அலைநீளப் புற ஊதாவை விழுங்கிவிடும். ஆகவே, வெற்றிடக் கலத்துக்குள்ளேயே அலுமினியத்தின்மேல் மெக்னீசியம் ஃபுளோரைடு பூசியாக வேண்டும். பிறகு எண்ணெய் ஆவிகூட அதன்மேல் படக் கூடாது. கட்டிங் ஆயில் மணக்கும் என் பட்டறையில் இது நடவாது.

கோவை, ஈரோடு பொறியியல் கல்லூரிகள் கூடி ஒரே ஒரு வெற்றிடப் பூச்சுக்கூடத்தை அமைத்து, செய்த கண்ணாடியை முதலில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்தையே சுற்றுப்பாதையில் சோதனைக் களமாக்கும் போயம் மேடையில் அனுப்பிச் சோதிக்கலாம். சட்டகத்தைக் கடைந்து தர இங்கே ஆட்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.