முழங்கால் வலிக்காரர்களும் எடை தூக்கலாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் முழங்கால் வலியோடு ஜிம்முக்குப் போனால், 'காலுக்கு ஒன்றும் வேண்டாம், நடந்தால் போதும்' என்கிறார்கள். இல்லையென்றால் இருபது வயதுப் பையனுக்குக் கொடுக்கும் பயிற்சியையே அவருக்கும் கொடுக்கிறார்கள். இரண்டும் தவறு. தொடையின் முன்தசை மெலிந்தால் படி இறங்கும்போது மூட்டுக்குத்தான் சுமை கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் பெரியவர்களுக்கு வாரம் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது.

சுமார் 18 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். மனத்துக்குள் 3 வரை எண்ணி மெதுவாக இறங்க வேண்டும், தொப்பென்று விழக் கூடாது. வலித்தால் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். 8 தடவை வீதம் 3 செட், நடுவில் 2 நிமிட ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தடவை சிரமமில்லாமல் வந்த பிறகு 2 கிலோ டம்பெல்லை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். மூச்சை அடக்கவே கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

வலிக்குப் பத்துக்கு 3 மதிப்பெண் வரை கொடுக்கலாம் என்றால், அது மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால், தொடரலாம். வீங்கினால் மட்டும் அலட்சியம் வேண்டாம். மூட்டில் நீர் கோத்தால் தொடைத் தசைக்கு வரும் நரம்புத் தூண்டலே குறைந்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு முக்கினாலும் தசை முழுதாக வேலை செய்யாது. வீக்கம் வடியும்வரை எடையையும் மடக்கும் அளவையும் குறைக்க வேண்டும். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு எடை தூக்குகிறவர்கள் இந்த அறிகுறிகளையெல்லாம் தவறவிடுகிறார்கள். முழங்கால் திடீரென்று நழுவினாலோ பூட்டிக்கொண்டாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

முழங்காலுக்கு மட்டுமல்ல, தோளுக்கும் கவனம் வேண்டும். முன்பு தோள் மூட்டு விலகியவர்கள் கழுத்துக்குப் பின்னால் பாரை (எடை மாட்டும் இரும்புக் கம்பியை) இறக்கும் பயிற்சியை அடியோடு விட்டுவிட வேண்டும். கை உயர்ந்து பின்பக்கம் திரும்பும் அந்த நிலையில்தான் தோள் முன்னால் நழுவும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்க டம்பெல்லைப் பிடித்து, முழங்கைகளை உடம்புக்குச் சற்று முன்னால் வைத்துத் தூக்குவது பாதுகாப்பு.

ஜிம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார் மட்டுமே 20 கிலோ. அதில் மாட்டும் வட்டமான எடைத் தட்டுகளில், அதாவது பிளேட்களில், இருப்பதிலேயே சிறியது 2.5 கிலோ என்றால், இரு பக்கமும் மாட்டும்போது 5 கிலோ கூடிவிடுகிறது, அதாவது கால்பங்கு உயர்வு. இப்படிக் கூடும் சுமைக்குத் தசை சில வாரங்களில் தேறிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கோ மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் பழைய காயம் உள்ளவர்களுக்கு, 'நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது' என்னும் கட்டத்தில் வலி திரும்புகிறது. அரை கிலோ, 1.25 கிலோ பிளேட்களும் 10 கிலோ பாரும் ஒவ்வொரு ஜிம்மிலும் இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் இவற்றை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

இயன்முறை மருத்துவர்கள் இருவர்,
திருச்சி