பழைய லோரியின் இஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டீசல் லோரிகளின் இஞ்சின் ‘டக் டக்’கென்று தட்டுவதற்குப் பாமாயிலிலிருந்து எடுத்து டீசலில் கலக்கும் பயோடீசலே காரணம் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவர் கூறியதில் ஒரு பகுதி உண்மை. ஆனால் அந்தப் பகுதியை மட்டும் நம்பிக்கொண்டிருந்தால் நம் லோரி உரிமையாளர்களுக்கு நட்டமே மிஞ்சும். செலாயாங் மொத்தச் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவர்களும், கிள்ளான் துறைமுகத்திலிருந்து சரக்கு எடுப்பவர்களும், ஒரே ஒரு பழைய ஹினோவையோ இசுசுவையோ வைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றுபவர்களும், ஓசை கேட்டவுடன் டீசலைக் குறை சொல்கிறார்கள். இல்லாவிட்டால், ‘பேரிங் போய்விட்டது, ஓவர்ஹால் செய்தே ஆக வேண்டும்’ (சுழலும் தண்டைத் தாங்கும் பகுதி தேய்ந்துவிட்டது, இஞ்சினை முழுதாகப் பிரித்துச் சீராக்க வேண்டும்) என்று பட்டறையில் சொல்வதைக் கேட்டு இஞ்சினை இறக்கச் சம்மதித்துவிடுகிறார்கள். செந்தூல் வட்டாரத்தில் நெடுங்காலம் டீசல் இஞ்சின் வேலை பார்த்தவன் என்ற முறையில், இஞ்சினைப் பிரிப்பதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்று 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தப்பட்டு, 500 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாகி நிற்கும்போது, நோசல் டீசலைப் புகைபோல் பீய்ச்சுகிறது. பீய்ச்சிய கணத்திலேயே அது பற்றிக்கொள்வதில்லை. மிகச் சிறிய தாமதம் ஒன்று உண்டு. அந்தத் தாமதம் நீண்டுவிட்டால், அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே நொடியில் எரிந்து, சிலிண்டருக்குள் அழுத்தம் திடீரென உயர்கிறது. நாம் கேட்கும் கணீரென்ற தட்டல் அதுதான். எனவே நோசல் சரியாகத் தூவாமல் சொட்டினாலும், பம்ப் டீசல் அனுப்பும் நேரமான டைமிங் முன்னே போயிருந்தாலும், கம்ப்ரெஷன், அதாவது காற்றை அழுத்தும் அளவு, குறைந்து காற்று போதிய அளவு சூடாகாமல் போனாலும், டீசலே தரமற்றதாக இருந்தாலும் ஓசை ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

முதலில் ஓசை எப்போது எழுகிறது என்பதை ஓட்டுநரிடம் கேட்க வேண்டும். காலையில் கிளப்பும்போது இருந்து, இஞ்சின் சூடேறியதும் மறைந்தால், அது பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதும் ஓசை. கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அன்றைக்கே லோரியை நிறுத்த வேண்டியதில்லை. வெள்ளைப் புகையும் சேர்ந்து நெடுநேரம் வந்தால், கோலாலம்பூரின் காலைக் குளிர்மீது பழி போட முடியாது. எரியாத டீசல் வெளியேறுகிறது என்றே கொள்ள வேண்டும். சுமையோடு காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஏறும்போது கனத்த, அடிவயிற்று ஓசை எழுந்து, கூடவே ஆயில் பிரஷர் இறங்கினால், அங்கேயே ஓரங்கட்டி இஞ்சினை அணைத்துவிட வேண்டும். அது பேரிங்காக இருக்கலாம்; பட்டறைவரை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் இஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் ஷாப்டும் சேர்ந்து போய்விடும்.

அடுத்தது, பழைய மெக்கானிக்குகள் எல்லாரும் அறிந்த சோதனை. இஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு நோசலுக்கும் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தினால், அந்தச் சிலிண்டர் எரிவது நிற்கும். எந்த நட்டைத் தளர்த்தியதும் ஓசை அடங்குகிறதோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. பலர் இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எரிப்பு நின்றால், பிஸ்டனைக் கிராங்க் ஷாப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின்மீது விழும் சுமையும் குறைவதால், தேய்ந்த பேரிங்கின் ஓசையும் அப்போது தணியும். ஆகவே அந்தச் சிலிண்டரின் நோசலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரின் நோசலோடு மாற்றிப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஓசை நோசலோடு இடம்பெயர்ந்தால் குற்றம் நோசலுடையது; பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால்தான் கம்ப்ரெஷனையும் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். அரை நாள் வேலைதான். இதைச் செய்யாமலேயே இஞ்சின்கள் இறக்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நட்டைத் தளர்த்தும் இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்ப் இஞ்சின்களுக்கு மட்டுமே உரியது. எல்லா நோசல்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைக்கும் காமன் ரெயில் இஞ்சினில், குழாய்க்குள் அழுத்தம் 1,000 பாருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேல் போகக்கூடும் என்பதால், ஓடும்போது அதை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பழைய இஞ்சினிலும் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, துணியால் நட்டைச் சுற்றிக்கொண்டே தளர்த்த வேண்டும். பீய்ச்சும் டீசல் தோலுக்குள் புகுந்துவிட்டால், காயம் ஊசி முனையளவாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழற்றிய நோசலைப் பம்ப் கடையில் டெஸ்டரில் மாட்டிப் பார்ப்பதற்கு அதிகம் செலவாகாது. எத்தனை பார் அழுத்தத்தில் திறக்கிறது, மூடுபனிபோல் தூவுகிறதா, மூடிய பிறகு நுனியில் சொட்டு நிற்கிறதா என்ற மூன்றையும் உரிமையாளர் அருகில் நின்று பார்க்கலாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் நோசல் குறைந்த அழுத்தத்திலேயே திறந்துகொள்ளும். டீசல் முன்னதாகவே உள்ளே போகும். பம்பின் டைமிங்கைக் கூட்டிவைத்ததுபோல் இஞ்சின் தட்டும். சொட்டும் நோசலை அப்படியே விட்டுவைத்தால் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயில் கழுவப்பட்டு, டீசல் கீழே இறங்கி இஞ்சின் ஆயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்த இஞ்சின்களும் உண்டு. நோசல் கோளாறாகத் தொடங்கியது உண்மையான ஓவர்ஹாலாக முடிவது இப்படித்தான். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக உயர்ந்து டீசல் வாடை அடித்தால், அந்தக் கட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

இனி வாசகர் குறிப்பிட்ட பயோடீசலுக்கு வருகிறேன். நம் நாட்டில் 2011இல் பி5 (அதாவது, டீசலில் 5 விழுக்காடு பயோடீசல்), 2014இல் பி7, 2019இல் பி10 என்று பாமாயில் பயோடீசலின் கலப்பு படிப்படியாக உயர்ந்தது. 2021 ஏப்ரல் முதல் கந்தக அளவு 10 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 10 பங்குக்கு) மிகாத யூரோ 5 டீசல் நடைமுறைக்கு வந்தது. பாமாயிலிலிருந்து எடுக்கும் பயோடீசலின் சீட்டேன் எண் வழக்கமான டீசலைவிட அதிகம். அதாவது, அது விரைவாகவே பற்றிக்கொள்ளும். ஆகவே தட்டலை அது நேரடியாக உண்டாக்குகிறது என்று சொல்வது பொருந்தாது. பழைய லோரியில் தொல்லை வேறு வழியாக வருகிறது. ஆண்டுக்கணக்கில் தொட்டியின் அடியில் படிந்த கசட்டை அது கரைத்துக் கிளப்பி ஃபில்டரை அடைத்துவிடுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் இளக வைக்கிறது. சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை ஈர்த்துக்கொள்கிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, வழவழப்பான கருஞ்சேறாகத் தொட்டியில் தேங்குகின்றன. இளகிய குழாய் வழியே காற்று புகுந்தால் இஞ்சின் சீராக எரியாமல் குலுங்கும். அதையும் தட்டல் என்றே பலர் சொல்கிறார்கள்.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தொட்டியின் அடியிலிருந்து எடுத்த டீசலை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓர் இரவு வைத்தால், நீர் அடியில் தனியாகத் தங்கிவிடும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே தற்காலிகமாக ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினால், காற்றுக் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். சிறிது தூரம் ஓடியபின் இழுவை குறைந்து நின்று, ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஓடும் லோரியில், தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே பாய்ந்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் சிறு வலையைக் கழற்றிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. குப்பை முதலில் சேரும் இடங்களுள் அதுவும் ஒன்று.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, தகுதியுள்ள சரக்கு வாகனங்களுக்குக் குறைந்த விலையில் டீசல் வாங்கச் சலுகை அட்டை வழங்கப்பட்டது. இருந்தும், சிலர் உரிமமில்லாத இடங்களில் பீப்பாயில் விற்கும் மலிவு டீசலை வாங்குகிறார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எண்ணெய் நிரப்பிய அன்றே தட்டல் தொடங்கியிருந்தால், முதலில் தொட்டியைக் காலி செய்து நல்ல டீசல் ஊற்றிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகைச் சோதனையில் தேறிவிட்டால் இஞ்சின் நலமாக இருக்கிறது என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அந்தச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. சோதனைக்கு முன்தினம் பம்பில் டீசலைக் குறைத்துவைத்துத் தேறிவிட்டு, மறுநாள் பழையபடி கூட்டிக்கொள்ளும் வழக்கத்தால் எந்தப் பழுதும் தீர்வதில்லை.

பட்டறை வைத்திருக்கும் நண்பர்களை நான் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. அவர்களில் பலர் நேர்மையாளர்கள்; நேரமில்லாமலும், நோசல் டெஸ்டர் இல்லாமலும் அனுபவத்தை மட்டும் நம்புகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, ஓவர்ஹாலுக்கு மதிப்பீடு எழுதும்போது ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷன் அளவையும், ஒவ்வொரு நோசலும் திறந்த அழுத்தத்தையும், இஞ்சின் சூடேறிய நிலையில் ஆயில் பிரஷரையும், தயாரிப்பாளரின் அளவுக்குப் பக்கத்தில் அதே தாளில் எழுதித் தாருங்கள் என்பதுதான். உரிமையாளர்களும் அந்த மூன்று அளவுகளும் எழுத்தில் கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டீசல் இஞ்சின் மெக்கானிக்,
செந்தூல், கோலாலம்பூர்