சார்ஜர் அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அன்புள்ள எல்லாருக்கும்,

கைத்தடி இல்லாமல் நடக்க ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. விபத்து நடந்து ஏழு மாதம். இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும், யார் யாருக்கு எந்த வரிசையில் நன்றி சொல்வது என்று பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பட்டியலில்தான் மாட்டிக்கொண்டேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

தொடை எலும்பு முறிந்து ரோட்டில் கிடந்தவனைக் கால் அசையாமல் தூக்கி வண்டியில் ஏற்றிய இரண்டு பேருக்கு முதல் நன்றி. நீங்கள் யாரென்று தெரியாது. ஒருவர் என் ஹெல்மெட்டை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டே வந்தீர்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நன்றி. "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பொய் சொல்லி ஒவ்வொரு நாளும் கூடுதலாக மூன்று தடவை முட்டியை மடக்க வைத்த பிசியோதெரபிஸ்டுக்கு நன்றி, அன்றைக்குத் திட்டினதற்கு மன்னிப்பும். என் வேலையைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு, "உன் ஃபைலில் ஒரு மண்ணும் புரியவில்லை" என்ற ஒரே ஒரு புகாரோடு விட்டுவிட்ட அலுவலக நண்பர்களுக்கு நன்றி.

இனிமேல் சொல்வதுதான் கொஞ்சம் சங்கடமானது.

நண்பன் ஒருவன் இரண்டு மாதம், வாரத்துக்கு மூன்று நாள், என்னைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தான். அது முடிந்த வாரமே விலை கூடின கைக்கடிகாரம் ஒன்று வாங்கி அவன் வீட்டுக்கு அனுப்பி வைத்தேன். மறுநாள் அதைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு, "என்னடா, கணக்கை முடிக்கப் பார்க்கறியா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் கணக்கை முடிக்கத்தான் பார்த்தேன். யாருக்கும் கடன்பட்டிருப்பது எனக்குப் பிடிக்காது. அந்த அரிப்பைத்தான் இத்தனை வருஷமாக நன்றியுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

இன்னொரு பக்கம் உறவினர் ஒருவர். பெரிய தொகை, சரியான நேரத்தில் கொடுத்தார், அது வராமல் போயிருந்தால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போயிருக்கும். ஆனால் என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே அந்தத் தொகையைச் சொன்னார். படுத்திருப்பவனுக்குத் திரும்பிக்கொள்ளக்கூட முடியாது, அதுதான் கஷ்டம். அவருக்கும் என் நன்றி, குத்தலாகச் சொல்லவில்லை, மனசாரத்தான். எப்படிக் கொடுத்தால் என்ன, கொடுத்தது கொடுத்ததுதான், என் கால் அதில்தான் நிற்கிறது. பெருந்தன்மை இல்லாத கையிலிருந்தும் உதவி வரும், அதற்கும் நன்றி சொல்லியே ஆக வேண்டும் என்று அங்கே படுத்துக்கொண்டு கற்றுக்கொண்டேன். நன்றி என்பது, செய்த காரியத்தைப் பார்க்கிறது. பெருந்தன்மை வேறு எங்கேயோ இருக்கிறது.

நன்றி என்ற சொல்லுக்குப் பழைய பொருளே நன்மை, உதவி என்பதுதான். செய்ந்நன்றி என்றால் ஒருவர் செய்த நன்மை; வாங்கினவன் வாயால் சொல்கிற 'தாங்க்ஸ்' என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. குறளில் செய்ந்நன்றி அறிதல் 11ஆவது அதிகாரம், ஒப்புரவறிதல், அதாவது ஊருக்கு உதவி வாழ்வது, 22, ஈகை 23. செய்ந்நன்றிக்கும் ஒப்புரவுக்கும் நடுவில் பத்து அதிகாரம் கிடக்கிறது. (எண்ணிப் பார்த்தேன், படுக்கையில் வேறென்ன வேலை.) வாங்கினவன் கடமையையும் கொடுக்கிறவன் குணத்தையும் வள்ளுவரே வேறு வேறு இடத்தில்தான் வைத்திருக்கிறார், நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு நான்கு பை ரத்தம் ஏற்றினார்கள். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு வராமலே உள்ளுக்குள் ஒரு லிட்டருக்கு மேல்கூடப் போய்விடுமாம். கொடுத்த நான்கு பேர் யாரென்று எனக்குச் சொல்ல மாட்டார்கள், யாருக்குப் போனதென்று அவர்களுக்கும் தெரியாது. சிவப்பணுக்களின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஏழு மாதம் ஆகிவிட்டதால் அவர்கள் கொடுத்ததில் ஒன்றுகூட இன்றைக்கு என் உடம்பில் உயிரோடு இருக்காது. நன்றி சொல்ல விலாசமும் இல்லை, காட்டப் பொருளும் இல்லை. கைக்கடிகாரம் வாங்கி அனுப்பவும் வழி இல்லை.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார், 2025இல் காலமானார். 14 வயதில் மார்பில் பெரிய அறுவைச் சிகிச்சை, முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தவர். நானும் கொடுப்பேன் என்று அப்போதே முடிவு செய்து, 18 வயது ஆனதும் 1954இல் ஆரம்பித்தார். அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமான ஓர் எதிர்ப்பொருள் இருப்பது பிறகு தெரிந்தது. தாயின் ரத்த வகை ஒத்துப்போகாமல் குழந்தைக்கு ஆபத்து வராமலிருக்கத் தாய்க்குப் போடுகிற ஆன்டி-டி ஊசியை அதிலிருந்து தயாரித்தார்கள். 2018இல் 81 வயதில் நிறுத்தியபோது மொத்தம் 1173 தடவை கொடுத்திருந்தார். இத்தனைக்கும் அவருக்கு ஊசி என்றால் ஆகாது, கையில் குத்துவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆரம்பித்து வைத்தது நன்றிதான், சந்தேகமில்லை. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க எத்தனை தடவை போதும்? இருபது? முப்பது? அதற்கு மேலே போன ஒவ்வொரு தடவையும் எந்தக் கணக்கிலும் வராது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டின அந்த மனுஷனை நினைத்தால் எனக்கு என் பட்டியல் வெட்கமாக இருக்கிறது.

சரி, பட்டியல்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், துணைக்கு அவர் மனைவி. பிளக் பாயின்ட் அவர்கள் பக்கம் இருந்தது, என் சார்ஜர் ஒயர் எட்டாது. முதல் நாள் நான் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு அந்த அக்கா போனை வாங்கிச் செருகினார். அப்புறம் ஒன்பது நாளும் நான் கேட்கவே இல்லை, ராத்திரி பத்து மணிக்கு அவரே வந்து எடுத்துக்கொண்டு போவார். காலையில் கண் விழித்தால் போன் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும், வெளிச்சம் கண்ணில் படாமல் திரை கீழே இருக்கிற மாதிரி கவிழ்த்து வைத்து. ஒயரை மடித்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்பேன். "இதுக்கெல்லாம் என்ன தம்பி" என்பார். தினமும் இதே இரண்டு வசனம்.

வீட்டுக்கு வந்து பட்டியலில் அவர் பெயரை எழுதப் போனேன், பேனா நின்றுவிட்டது. பெயர் தெரியாது. அதுகூடப் பரவாயில்லை, பெயர் தெரியாதவர்கள்தான் இந்த மடலில் அதிகம். அவர் கணவருக்கு என்ன வியாதி என்றும் எனக்குத் தெரியவில்லை. ஒன்பது நாள், கை நீட்டினால் தொடுகிற தூரம். ராத்திரியில் பெரியவர் மூச்சுக்குத் திணறுவது கேட்கும், அக்கா எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவுகிற சத்தம் கேட்கும், ஒரு நாள் விடியற்காலையில் அவரை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போய் மத்தியானம்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குக் காலையிலும் என் போன் நூறு சதவீதம் சார்ஜ் ஆகித் தலைமாட்டில் இருந்தது. நான் எடுத்து மெசேஜ் பார்த்தேன்.

நன்றி சொல்வதில் நான் குறையே வைக்கவில்லை, அதுதான் கேவலம். எனக்கு என்ன கிடைத்தது என்பதிலிருந்து ஒரு அங்குலம் வெளியே வராமலே ஒருவன் நாள் முழுக்க நன்றியோடு இருக்கலாம், நான் இருந்தேன். அந்த அக்கா என்னைவிட எத்தனையோ மடங்கு கஷ்டத்தில் இருந்துகொண்டு பக்கத்துக் கட்டில்காரன் கண் கூசக் கூடாதென்று யோசித்திருக்கிறார்.

ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கொஞ்ச காலம் காத்திருந்துதான் ரத்தம் கொடுக்க முடியும், என் காலக்கெடு இன்னும் முடியவில்லை. முடிந்ததும் போகிறேன். முதல் தடவை போவது நன்றியில்தான் சேரும், தெரியும். நண்பனுக்கு வாங்கின கைக்கடிகாரத்தை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் பார்த்துச் சிரிக்கிறான்.

அக்கா, இது உங்கள் கண்ணில் படுமா என்று தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் இப்போது எப்படி இருக்கிறார்?