செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: டெல்லிக்குப் போன நம் கேள்விகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வேலை நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கும், ஏற்றுமதிக் கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்களே, அனைவருக்கும் வணக்கம். இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினருக்குக் கூட்டத்தின் தொடக்கத்தில் மௌன அஞ்சலி செலுத்தினோம். திருப்பூரில் ஓவர்லாக் தையல் மிஷின் அரிதாக இருந்த காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர் அவர். குடும்பத்தாருக்குச் சங்கத்தின் ஆறுதலை மீண்டும் ஒருமுறை பதிவு செய்கிறேன்.

வழக்கமான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்ததான முகாம் நடந்தது. சாக்கடைத் தூர்வாரல் பற்றி மாநகராட்சிக்கு எழுதினோம், பாதி வேலை நடந்திருக்கிறது. உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவுக்கான முகாமுக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. காரணம் 45 நாள் விதி. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. அப்படித் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் காட்ட முடியாது என்று பிரிவு வந்த பிறகுதான் கம்பெனிகள் நம் பில்லைத் திரும்பிப் பார்க்கின்றன. ஆனால் உத்யம் எண் இல்லாத யூனிட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இன்னும் எடுக்காதவர்கள் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். ஒரு பைசா கட்டணம் கிடையாது.

இனி, இவ்வாண்டின் முக்கிய விஷயம். சென்ற பொதுக்குழுவில் ஒரு முடிவு எடுத்தோம். எல்லா அமைச்சர்களுக்கும் மனு அனுப்பி, அனுப்பியதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடுவதை நிறுத்திவிட்டு, நாடாளுமன்றத்தில் கேள்வியாகக் கேட்க வைப்பது என்று. மனுவுக்குப் பதில் வரலாம், வராமலும் போகலாம். அவையில் ஏற்கப்பட்ட கேள்விக்கு அமைச்சர் பதில் தந்தே ஆக வேண்டும், அது அச்சிலும் ஏறும். மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் உதவ முன்வந்தார். அவர் பெயரை அறிக்கையில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பதால் நமக்கும் அதுவே நல்லது.

கேள்வி எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் கஷ்டம் தெரிந்தது. செயற்குழுவில் முதலில் வந்த கேள்வி இது: “திருப்பூர் அழிந்துகொண்டிருப்பது அரசுக்குத் தெரியுமா, தெரிந்தும் ஏன் கண்டுகொள்ளவில்லை?” கேட்க நன்றாகத்தான் இருந்தது, கைதட்டலும் கிடைத்தது. ஆனால் கேள்வியில் வாதம் இருக்கக் கூடாது, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது, கருத்தும் கேட்கக் கூடாது என்று அவை விதி இருக்கிறது. உறுப்பினரின் உதவியாளர் நம் முதல் தாளைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “அண்ணா, இதில் கேள்விக்குறி மட்டும்தான் கேள்வி” என்றார். மின்கட்டணத்தையும் எழுதியிருந்தோம். 2025 ஜூலையில் 3.16 விழுக்காடு ஏறிய எரிச்சல் அது. அது மாநில அரசின் விஷயம், சட்டமன்றத்தில் எம்.எல்.ஏ. மூலம் கேட்க வேண்டியது என்று அடித்துவிட்டார்கள்.

கடைசியில் மூன்று கேள்விகள் தேறின. முதலாவது, வட்டி மானியம். ஏற்றுமதிக் கடனுக்குச் சிறு உற்பத்தியாளர்களுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை தந்த திட்டம் 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. மறுபடி எப்போது, எந்தத் தேதியிலிருந்து? இரண்டாவது, ஜவுளித் துறையின் உற்பத்தி சார்ந்த ஊக்கத் திட்டம். 10,683 கோடி ரூபாய் என்று 2021இல் அறிவித்தார்கள். செயற்கை இழைத் துணி, ஆடை, தொழில்நுட்ப ஜவுளிக்கு மட்டுமே அது. நாம் கேள்வி எழுதியபோது குறைந்தபட்ச முதலீடே 100 கோடி. பருத்திப் பனியன் தைக்கும் ஊரில் 100 கோடி போடுகிறவர் எத்தனை பேர்? இதில் பருத்திப் பின்னலாடையைச் சேர்த்து வரம்பைக் குறைக்கும் எண்ணம் உண்டா? மூன்றாவது கேள்விதான் நம்முடையது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மழைக்காலக் கூட்டத்தொடர் 2025 ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை நடந்தது. கேள்விக்கு 15 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு தர வேண்டும், அப்புறம் எந்தக் கேள்விகளை எடுப்பது என்று குலுக்கல். நட்சத்திரக் கேள்வியாக வந்தால் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், உறுப்பினர் துணைக்கேள்வி போட்டு மடக்கலாம். நட்சத்திரம் இல்லாவிட்டால் எழுத்தில் பதில், அதோடு சரி. நம்முடையவை நட்சத்திரம் இல்லாமல்தான் வந்தன. அதற்காக வருத்தப்படத் தேவையில்லை. அந்தக் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் 285 நட்சத்திரக் கேள்விகளுக்கு இடம் இருந்தும், அமளியில் வாய்மொழியாக எடுக்கப்பட்டவை 14 மட்டுமே. யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. கேள்வி நேரம் போனால் அதில் நம் நேரமும் போகிறது என்பதை எல்லாக் கட்சி நண்பர்களும் தங்கள் தலைவர்களிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாம் கேள்வி எழுதியபோது அமெரிக்காவின் கூடுதல் வரி 10 விழுக்காடு. ஜூலை 31 அன்று வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல் இரு அவைகளிலும் அறிக்கை வாசித்தபோது பேச்சு 25 பற்றி. ஆகஸ்ட் 6 அன்று மேலும் 25 என்று அறிவிப்பு வந்தது. அன்றைக்கே அறிவிப்பு கொடுத்தாலும் 15 முழு நாள் முடிவதற்குள் தொடரே முடிந்துவிடும். ஆக, தொழிலின் கழுத்தைப் பிடித்த 50 விழுக்காட்டைப் பற்றி வழக்கமான வழியில் ஒரு கேள்வி கேட்க நாட்காட்டியே இடம் தரவில்லை. குறுகிய கால அறிவிப்புக் கேள்வி என்று ஒன்று உண்டு, அதற்கு அமைச்சர் சம்மதிக்க வேண்டும்.

50 என்றால் என்ன என்பதை நம் டேபிளில் வைத்துப் பார்ப்போம். பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 விழுக்காடு வரி உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 66.5 ஆனது. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20தான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது. வெளிநாட்டுப் பையர் தள்ளுபடி கேட்கிறார், கம்பெனி அதை நம் பீஸ் ரேட்டில், அதாவது ஒரு உருப்படிக்குத் தரும் கூலியில் தேடுகிறது. வெட்டிய துணி கட்டுக்கட்டாகக் கிடக்கிறது, “ஹோல்ட்” என்கிறார்கள். ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை இல்லை என்றதும் தீபாவளிக்கு முன்பே டிக்கெட் போடுகிறார்கள்.

சரி, பதில்கள் என்ன சொல்லின? வட்டி மானியம் பற்றிய பதிலில் பட்ஜெட்டில் அறிவித்த 2,250 கோடி ரூபாய் ஏற்றுமதி ஊக்குவிப்பு இயக்கம் இருந்தது, தேதி இல்லை. ஊக்கத் திட்டம் பற்றிய பதிலில் விருதுநகர் உள்ளிட்ட ஏழு ஜவுளிப் பூங்காக்கள், மாநில வரித் திரும்பளிப்பு என்று திட்டங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. முதலீட்டு வரம்பு பற்றி ஒரு வரி இல்லை. படித்தபோது கோபம் வந்தது. ஆனால் எழுதிய நம் மேலும் எனக்குக் கொஞ்சம் குறை இருக்கிறது. “எண்ணம் உண்டா” என்று கேட்டால் எண்ணத்தைத்தான் சொல்வார்கள். இத்தனை கோடியில் இதுவரை எவ்வளவு வழங்கப்பட்டது, அதில் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு, 100 கோடிக்குக் கீழே முதலீடு செய்தவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டால் எண்ணைத் தந்தாக வேண்டும். தகவல் திரட்டப்படுகிறது என்று சொன்னாலும் விட வேண்டியதில்லை. அது அவைக்குத் தந்த உறுதிமொழியாகிறது, மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கவே உறுதிமொழிக் குழு என்று தனியாக ஒன்று இருக்கிறது.

நடுவில் நல்லதும் நடந்தது. பஞ்சுக்கு 2021இல் போட்ட 11 விழுக்காடு இறக்குமதி வரியை ஆகஸ்ட் 19 முதல் நீக்கினார்கள். முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள். கப்பலில் பஞ்சு வந்து சேரவே அதற்கு மேல் ஆகும் என்று மில்காரர்கள் சொன்ன பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அக்டோபரில் புதுப் பஞ்சு வரும் நேரத்தில் 2025–26 பருவத்துக்கு அறிவித்த குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் ஆதார விலையை நம்பியிருக்கும் விவசாயி இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்பதும் என் மனதில் இருக்கிறது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நடைமுறைக்கு வந்தால் அங்கே நம் ஆடைக்கு வரி இருக்காது. வந்தால்.

இப்போது மூன்றாவது கேள்வி. ஏற்றுமதிக்காக வேலை செய்யும் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் நாட்டில் எத்தனை, அரசு தரும் ஏற்றுமதிச் சலுகைகளில் அவற்றுக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? இதை அனுப்பினோம், குலுக்கலில் வரவில்லை. வந்திருந்தாலும் பதில் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். வட்டி மானியம் வந்தால் அது ஏற்றுமதிக் குறியீடு உள்ள கம்பெனிக்கு, வரித் திரும்பளிப்பும் அப்படியே. நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், காஜா பட்டன், செக்கிங் என்று ஒரு பனியன் பல கூரைகளின் கீழ் உருவாகிறது. கப்பல் பில்லில் ஏறுவது ஒரே பெயர். அமெரிக்க வரியால் ஒரு பேட்லாக் தையல் மிஷின் நின்றால் அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. ஆர்டர் குறைந்தது மட்டும் ஏறும். நிவாரணம் என்று டெல்லியில் பேச ஆரம்பிக்கும்போது நாம் அந்தக் கணக்கில் இல்லாமல் போவது இதனால்தான்.

குளிர்காலக் கூட்டத்தொடருக்கு இந்தக் கேள்வியையே முதலில் வைக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது, பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன். கேள்வியோடு நம் கையிலும் ஒரு கணக்கு இருந்தால் துணைக்கேள்விக்கு உதவும் என்று உறுப்பினர் சொன்னார். வாசலில் ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். எத்தனை மிஷின், ஜூலையில் எத்தனை ஓடின, இப்போது எத்தனை ஓடுகின்றன, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, எத்தனை நாளாக. கம்பெனி பெயர் எழுத வேண்டாம், உங்கள் பெயரும் வெளியே போகாது. சாப்பிடப் போவதற்கு முன் நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.