சவுக்குத் தோப்பில் தீ வைக்காதீர்கள்: எமது பிரதேச சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாசிக் கடைசியில் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். சுற்றுலாப் பருவம் தொடங்குமுன் கரையைத் துப்புரவாக்குவது சபையின் கடமைதான். ஆனால் போத்தல்களையும் பொலித்தீனையும் மணலிலேயே விட்டுவிட்டு, சருகையும் பற்றைகளையும் கூட்டிக் கொளுத்தியதை எப்படித் துப்புரவு என்று ஏற்பது?

இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்து, மாரியைக் கழிக்க ஐப்பசியளவில் இலங்கைக்கு வரும் ஆறுமணிக்குருவி, பற்றை நிழலில் தத்தித் தத்திச் சென்று, சருகை அலகால் புரட்டிப் புழுபூச்சிகளைப் பொறுக்கி உண்பது. கிழக்காசியாவிலிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டியும் நிழல் விழுந்த தரையில் நடந்தே மேயும். மற்ற வாலாட்டிகளைப் போலன்றி அது வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவதை எங்கள் பிள்ளைகள் இத்தோப்பில்தான் கண்டுகொண்டார்கள்.

தீ அணைந்த மறுநாள் பிள்ளைகளுடன் தேடிச் சென்றோம். மறைவே இல்லாத வெளியில் ஒரேயொரு ஆறுமணிக்குருவி நின்றது. வாலடிச் சிவப்பெல்லாம் கரி. கருகிய சவுக்கங்காய் ஒன்றைப் புரட்டியது, சாம்பலைக் கிளறியது, மீண்டும் அதே காயிடம் வந்தது. அதற்குள் காகங்கள் விரட்டத் தொடங்கிவிட்டன. பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்புமுன் உடலில் கொழுப்புச் சேர்த்தால்தான் அவ்வளவு தூரம் பறக்க முடியும். அந்த நேரம் பார்த்தா அதன் இரையை எரிப்பது?

ஆகவே கேட்கிறோம்: ஐப்பசி தொடக்கம் சித்திரை முடியும்வரை தோப்பில் தீ வைக்க வேண்டாம், பற்றைகளை வெட்ட வேண்டாம்.

இதே மாவட்டத்தின் குமண பறவைகள் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பெருமைப்பட்டோம். சரணாலயத்துக்கு வெளியே இறங்கும் பறவைக்கு மட்டும் ஏன் எவரும் பொறுப்பில்லை? 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையைக் காக்கவென்று சவுக்கு நட்ட ஊர்கள் இவை. அந்த மரங்களின் அடியிலேயே தீ மூட்டுவதற்கு யார் அனுமதித்தார்கள் என்று எழுதிக் கேட்ட எமது கடிதங்களுக்கு, கிடைத்தது என்றொரு வரிகூட வரவில்லை. இது வேதனையளிக்கிறது.

எனினும் தயவாகவே கேட்கிறோம். அடுத்த சபை அமர்வில் இத்தடையைத் தீர்மானமாக நிறைவேற்றி, துப்புரவுப் பணியாளர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிளாஸ்டிக் பொறுக்க நாமும் பிள்ளைகளும் வருவோம். திகதியைச் சொன்னால் போதும்.

இங்ஙனம்,
கரையோரவாசி ஒருவர்,
அம்பாறை மாவட்டம்.